காடென்று கீறியவன்

ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் ஒரு சின்னத் தெரு முடிகிற இடத்தில் ஒரு துண்டுப் புல் இருக்கிறது. இரண்டு லொறியை நிறுத்தினால் மூன்றாவதுக்கு இடமிராது. ஊஞ்சல் இல்லை, இருக்க ஒரு வாங்கு இல்லை, மூலையில் ஒரு பொஹுதுகாவா மரம் மட்டும் நிற்கிறது. போன மாதம் அந்தப் புல்லின் நடுவில் ஒரு மரக்கட்டையை அடித்து அறிவித்தல் ஒன்றை ஒட்டினேன். இந்த நிலத்தை இன்ன வகைப் பூங்கா நிலமாக வகைப்படுத்த எண்ணியிருக்கிறோம், ஆட்சேபனை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதலாம், நேரில் வந்தும் சொல்லலாம் என்று அதில் இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு துண்டுப் புல்லுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை இந்த ஊரில் அயலவரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது வேலை மினக்கெட்ட விளையாட்டாகத்தான் தெரிந்தது.

இதுதான் இப்போது என் சீவியம். எல்லர்ஸ்லியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இரண்டு கணினித் திரைகளுக்கு முன்னால் இருக்கிறேன். ஆக்லாந்தின் பொது நிலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லையைச் சரிபார்த்து, இது விளையாட்டுக்கான ரிசர்வ், இது இயற்கைக் காட்சிக்கான ரிசர்வ், இது வெள்ளம் வடிய விட்ட நிலம் என்று பிரித்து நிறம் தீட்டுவது என் பொறுப்பு. கோடு வீட்டுக்காரரின் வேலியை ஒரு அடி தின்றுவிட்டால்கூட மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போகும். பக்கத்து மேசையில் மதுரைக்காரரான செந்தில் இருக்கிறார். "அண்ணே, நம்ம ஊர்ல இப்படிக் கேட்டுக்கிட்டு இருந்தா ஒரு பார்க்காவது கட்டி முடிச்சிருப்பாங்களா?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவருடைய ஊரில் கட்டாத பூங்கா, எங்களுடைய ஊரில் கேளாமல் நட்ட எல்லைக்கல். இரண்டும் ஒன்றில்லை என்று நான் அவருக்குச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் மன்னார் தீவுக்கு வெளியே, பெருநிலப்பக்கம், ஒரு குளத்தின் கீழ் இருந்தது. வீடும் வளவும் ரீற்றா அக்காவின் சீதனம். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கலியாணம் கட்டாதவள், அந்தக் காணி உறுதிப் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே முகாம் முகாமாகத் திரிந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செல் விழுந்துகொண்டிருந்த ஒரு கிழமையில் அம்மாவுக்கு இழுப்பு வந்தது. மருந்தும் இல்லை, வாகனமும் இல்லை. விடியற்காலையில் அம்மா போய்விட்டாள். கோயில் சேமக்காலை ஒன்றரைக் கட்டை தூரம். பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு அந்த றோட்டில் போக ஒருவரும் இல்லை. பங்குச் சாமியாரும் ஏற்கெனவே இடம்பெயர்ந்துவிட்டார். கிணற்றிலிருந்து கிழக்கே பத்து அடி வைத்து நானும் அக்காவும் கிடங்கு வெட்டினோம். பாயில் சுற்றி இறக்கினோம். மேலே உடுப்புத் தோய்க்கிற கல்லைப் புரட்டி வைத்தோம். "கொஞ்ச நாளைக்குத்தான் அம்மா. வந்து எடுத்துச் சேமக்காலையில வைப்பம்," என்று அக்கா மண்ணைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கே வெளிக்கிட்டோம். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலை முழுக்க மெழுகுதிரி எரியும். ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைக்குப் போய்விடும். கல்லறை இல்லாத சாவுக்காரர் நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் காலடியில் கொளுத்துவார்கள். அக்கா மன்னார் டவுனில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, பாலர் பாடசாலையில் படிப்பித்து, ஒவ்வொரு நவம்பரிலும் அந்தச் சிலுவையடியில்தான் நிற்கிறாள். "மற்ற ஆக்கள் தங்கட கல்லறையடியில குந்தியிருந்து கதைக்கினம் தம்பி. நான் நிண்டுபோட்டு வாறன்," என்று ஒருமுறை சொன்னாள்.

நான் அப்போது இங்கே வந்துவிட்டேன். ஊரில் நில அளவையாளர் ஒருவருக்குச் சங்கிலி பிடித்தவன் என்பதை இங்கே யாரும் தொழிலாகக் கணக்கெடுக்கவில்லை. ஒனேஹுங்காவில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் ஆறு வருடம் இறைச்சிப் பெட்டி அடுக்கினேன். விரல் நுனி மரத்துப்போகும். என் மனுசிதான் பிடரியில் பிடித்துத் தள்ளி, ஆல்பனியில் கணினியில் வரைபடம் கீறப் படிப்பிக்கிற வகுப்பில் சேர்த்துவிட்டாள். பஸ் மாறி மாறிப் போய்ப் படித்தேன். படிப்பித்த மனிதர் நல்லவர். முதல் நாளே ஒரு விதி சொன்னார். வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைப் பார்த்துக் கீறும்போது கண் காண்பதை மட்டும் கீறு, மனம் அறிந்ததைக் கீறாதே என்றார். வரைபடத்தை நம்புகிறவன் உன் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை என்றார். எவ்வளவு நேர்மையான விதி. நான் அதைக் கொப்பியில் எழுதி அடியில் கோடு போட்டுவைத்தேன்.

வகுப்பின் முடிவில் வேலைக்குக் காட்ட ஒரு வேலைப்பாடு வேண்டும் என்றார்கள். உலகத்தில் யாரும் வந்து கீறலாம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று இணையத்தில் ஒரு இலவச வரைபடம் இருக்கிறது. அதில் ஒரு வெற்றிடத்தைத் தேர்ந்து நிரப்பச் சொன்னார்கள். மற்றவர்கள் பசிபிக் தீவுகளை எடுத்தார்கள். நான் எங்கள் ஊரை எடுத்தேன். அங்கே குளம்கூடக் கீறப்படவில்லை, வெறும் வெள்ளை. செய்மதிப் படத்தைத் திறந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. குளத்தைக் கண்டுபிடித்தேன், அணைக்கட்டைக் கண்டுபிடித்தேன். எங்கள் வளவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பச்சை. வீட்டுக் கூரை இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. பதினெட்டு வருடம் ஆளில்லாத நிலத்தில் மரம் எழும்பாமல் என்ன செய்யும்? அதற்குள் யாருடைய வீடு எது என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். ஆனால் விதி விதிதானே. காண்பதை மட்டும் கீறு. ஓரத்தைச் சுற்றி அழகாகக் கோடு இழுத்து, மூடி, உள்ளே பச்சை ஊற்றி, வகை என்ற பெட்டியில் "காடு" என்று போட்டேன். போட்டதும் அழுதேன். அழுதுகொண்டே சேமித்தேன்.

ஒன்றை மட்டும் என்னால் மூட முடியவில்லை. மரங்களின் விளிம்பில் கிணற்றுக்கட்டு ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. தெரிகிறதுதானே என்று கோட்டை உள்ளே வளைத்து, கிணற்றை வெளியே விட்டுவிட்டு, திரும்ப இழுத்தேன். நேரான விளிம்பில் அது ஒரு சின்னக் கடிபோல இருந்தது. நேர்முகத் தேர்வில் அந்த வரைபடத்தைத்தான் காட்டினேன். மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒரு பெண் அந்த வளைவைத் தொட்டு, கவனமான கை என்று சொன்னாள். வேலை கிடைத்தது. அக்காவிடம் சொன்னபோது அவள் கோயிலில் நன்றிப் பூசை கொடுத்தாள்.

போர் முடிந்து நாலைந்து வருடத்தில் அக்கா ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். றோட்டோரக் காணிகளில் சனம் குடியேறிக் குடிசை போட்டுவிட்டது. பின்பக்கம் ஒரு வரிசைக்கு எல்லைக்கல் நட்டு, அதற்கு அப்பால் வன ஒதுக்கம் என்று பலகை வைத்திருந்தார்கள். எங்கள் வளவு பலகைக்கு அப்பால் விழுந்தது. அன்றிலிருந்து அவள் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. அவள் வீடு கேட்கவில்லை. கிணற்றடியில் கிண்டி அம்மாவை எடுத்துப்போக அனுமதிதான் கேட்டாள். ஒதுக்கக் காட்டுக்குள் மண் கிண்ட ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். போகிற கந்தோரில் எல்லாம் "என்ர தம்பி நியூசிலாந்தில மப் கீறுறவன், அரசாங்கத்துக்கே கீறிக் குடுக்கிறவன்," என்று பெருமையடிப்பாளாம். அவளோடு துணைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை எனக்குச் சொல்லிச் சிரித்தது. மாதத்துக்கு ஒருமுறையாவது என்னைக் கேட்பாள். "தம்பி, நீ ஒரு கடிதம் எழுதித் தாவன். இது காடில்லை, குடியிருந்த காணி எண்டு. படிச்ச ஆள் எழுதினால் கேப்பினம்." நானும் எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று இழுத்தடித்தேன். ஊர் வேலைகள் அப்படித்தான், வார இறுதி வந்தால் புல் வெட்டவும் பிள்ளையை நீச்சலுக்குக் கொண்டுபோகவும் சரியாகிவிடும்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருக்கும்போது அக்காவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவளுடைய விண்ணப்பத்தை நிராகரித்து அதனோடு இணைத்துக் கொடுத்த வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். தொழில் புத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். குளம், அணைக்கட்டு, பச்சை. பச்சையின் நேரான விளிம்பில் ஒரு சின்னக் கடி.

அது என் கோடு. இந்த உலகத்தில் வேறு எவனுக்கும் அந்த இடத்தில் கோட்டை வளைக்கக் காரணம் இல்லை. அதற்குள் அக்கா அழைத்துவிட்டாள். "பாத்தியா தம்பி? இன்ரநெட்டிலயே காடு எண்டுதான் கிடக்காம். உலகம் முழுக்க அப்பிடித்தான் கிடக்காம். இனி நான் என்ன சொல்லுறது? ஆரோ கண்கெட்டவன் எங்கையோ இருந்து கீறியிருக்கிறான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவனுக்குத் தாய் எண்டு ஒருத்தி இருந்திருக்க மாட்டாளோ."

நான் "ஓம் அக்கா" என்றேன்.

செந்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே தேத்தண்ணிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு முழுவதையும் சொன்னேன். "அண்ணே, அவங்க எப்படியும் எடுத்திருப்பாங்க. உங்க மேப் இல்லன்னா வேற ஒரு மேப். கல்லு நட்டப்புறம் சாட்சிக்கு ஒரு பேப்பர் தேடியிருப்பாங்க, அவ்வளவுதான். நீங்க ஏன் உங்களையே போட்டு அடிச்சுக்கிறீங்க?" என்றார். அப்படியும் இருக்கலாம். என் கோட்டைப் பார்த்துக் கல் நட்டார்களா, கல் நட்டபின் என் கோட்டைத் தேடிப் பிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வராது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கிணற்றை வெளியே விட வளைத்த கையை இன்னும் பத்து அடி கிழக்கே வளைத்திருந்தால் அம்மாவும் வெளியே வந்திருப்பாள். பத்து அடி. திரையில் அது சுண்டுவிரல் அசைகிற தூரம்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து ஹில்ஸ்பரோ அறிவித்தலுக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. அந்தப் புல்லுக்குப் பக்கத்து வீட்டு ஜூன் என்ற பெண்மணி எழுதியிருந்தாள். நேரில் பார்க்கப் போனேன். எழுபது வயதிருக்கும், தோட்டக் கையுறையைக் கழற்றாமலே கதைத்தாள். தன் நாய் பேர்ட்டியை ஒருவருக்கும் சொல்லாமல் அந்தப் பொஹுதுகாவாவின் கீழே புதைத்துவிட்டாளாம். அது பிழை என்று தெரியுமாம். ஆனால் அந்த இடத்தில் நடைபாதை கீறிவிடாதீர்கள் என்று கேட்டாள். காட்டினாள். வேருக்குப் பக்கத்தில் ஆற்றங்கல் ஒன்று கிடந்தது. சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு நாய்க்கு என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு கையிலிருந்த கருவியில் அந்தக் கல்லை ஒரு புள்ளியாகப் பதிந்து, "கிண்ட வேண்டாம்" என்று குறிப்பெழுதினேன். எழுதி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, என் அம்மாவையும் அப்படித்தான் வளவில் புதைத்தோம் என்று வாய் விட்டேன். எங்கே என்று கேட்டாள். இலங்கையில் என்றேன், இப்போது அந்த இடம் முழுக்க புஷ் ஆகிவிட்டது என்றேன். இந்த நாட்டில் காட்டைப் புஷ் என்பார்கள். நல்ல மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற இடம். ஜூன் கையுறையோடு என் கையைப் பிடித்தாள். "இன் த புஷ்? ஓ, ஹௌ லவ்லி," என்றாள். தனக்கும் அப்படி மரங்களுக்கு நடுவில், குருவிகள் பாடுகிற இடத்தில் படுக்கத்தான் ஆசை என்றாள். தாங்க் யூ என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறி, கொஞ்ச நேரம் சாவியைத் திருகாமல் இருந்தேன்.

வந்த ஞாயிறு அக்காவுக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். எங்களுக்குப் பிற்பகல், அவளுக்குக் காலைப் பூசை முடிந்த நேரம். மகள் தன் அறையிலிருந்து "டாட், ஹூ ஆர் யூ டோக்கிங் டு?" என்று கேட்டாள். ரீற்றா மாமியோடு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, அந்த மப்பைக் கீறினது நான்தான்."

விளங்கவில்லை அவளுக்கு. திரும்பச் சொன்னேன். வகுப்பு, வேலைப்பாடு, விதி, கிணற்றடியில் வளைத்த கோடு, எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கத்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப கிணத்தை ஏன் விட்டனீ?"

"அது வெள்ளையாத் தெரிஞ்சது அக்கா."

"அம்மா தெரியேல்லையோ?"

"மரம் மூடியிருந்தது."

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. மெல்லிய குரலில், வகுப்பில் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "இதை வேற ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத தம்பி. மறுத்ததுக்கு எதிரான முறைப்பாட்டில உன்னைத்தான் சாட்சி எண்டு எழுதிக் குடுத்திருக்கிறன். அந்தக் கடிதத்தை அனுப்பிவிடு." அவ்வளவுதான். வைத்துவிட்டாள். அன்று மாலையே கடிதம் எழுதினேன். இது காடில்லை, குடியிருந்த காணி, நான் அங்கே பிறந்தவன், தொழில்முறை வரைபடக்காரன் என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அக்கா இப்போதும் கதைக்கிறாள், பிள்ளையின் படிப்பைக் கேட்கிறாள், மனுசியின் முழங்காலைக் கேட்கிறாள். என் வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

இலவச வரைபடத்தில் போய் அந்தப் பச்சையை நீக்கினேன். கிணற்றுக்குக் கிழக்கே பத்து அடியில் ஒரு புள்ளி வைத்து, கல்லறை என்று குறித்தேன். ஆதாரம் என்ன என்று ஒரு பெட்டி கேட்டது. "நான் புதைத்தேன்" என்று எழுதினேன். மூன்றாம் நாள் ஜேர்மனியிலிருந்து, சம்பளமில்லாமல் வரைபடம் திருத்துகிற யாரோ ஒரு நல்ல மனிதர் மிக மரியாதையாக எழுதியிருந்தார். செய்மதிப் படத்தில் அங்கே மரங்கள் மட்டுமே தெரிகின்றனவாம், அதனால் காட்டைத் திரும்பப் போட்டுவிட்டாராம். புள்ளியையும் எடுத்துவிட்டாராம். கண் காண்பதை மட்டும் கீறுவதே இங்கே வழக்கம் என்று முடித்திருந்தார். அந்த மனிதரோடு நான் என்ன வழக்காடுவது? அவர் சொன்னது என் கொப்பியில் நானே அடிக்கோடு போட்ட வசனம். காட்டின் விளிம்பில் அந்தச் சின்ன வளைவை மட்டும் அவர் தொடவில்லை.

நவம்பர் பிறந்தது. ஹில்ஸ்பரோ அறிவித்தலின் மாதம் முடிந்து, கட்டையைப் பிடுங்குகிற நாள் சகல ஆத்துமாக்கள் திருநாளன்று வந்து விழுந்தது. நான் பார்த்து வைத்ததல்ல, அட்டவணை அப்படி இருந்தது. பின்னேரம் போய்க் கட்டையை ஆட்டிப் பிடுங்கினேன். துவாரத்தைக் காலால் மிதித்து மூடினேன். காரின் பின்னால் ஒரு ஜாம் போத்தலும் மெழுகுதிரியும் இருந்தன. காலையில் வீட்டிலிருந்து எடுத்துவந்தபோது எங்கே கொளுத்தப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. இந்த ஊரில் எனக்குச் சேமக்காலையில் ஆளில்லை. ஆக்லாந்தில் நான் ஆயிரம் நிலங்களுக்கு எல்லை போட்டிருக்கிறேன். அதில் மண்ணுக்குள் யார் இருக்கிறார் என்று கேட்டு, சரியாக, பிசகாமல் நான் குறித்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

பொஹுதுகாவாவின் கீழே, அந்த ஆற்றங்கல்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். காற்று இரண்டு தரம் அணைத்தது. மூன்றாம் தரம் போத்தலுக்குள் திரி நின்று எரிந்தது. மரித்தோருக்கான செபத்தைத் தொடங்கி, பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் அம்மாவின் பெயரைச் சொன்னேன். நிமிர்ந்தபோது ஜூன் தன் குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையை நெஞ்சில் வைத்து, மற்றக் கையை எனக்கு ஆட்டினாள். அழுதுகொண்டிருந்தாள். பேர்ட்டிக்கு என்று நினைத்துவிட்டாள்.

நானும் கையை ஆட்டினேன். திரி எரிந்து முடியும் மட்டும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் புல்லில் குந்தியிருந்தேன்.